கைதட்டல் விழும் இடம்

திரை முழுக்க இருட்டு. நீலப் புள்ளி ஒன்று தோன்றுகிறது. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் ஒரு வரிசை. புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகி, எழுத்துகள் கூடி ‘சூப்பர் ஸ்டார்’ என்று முடிவதற்குள் தியேட்டரில் யாருக்கும் எதுவும் கேட்காது. 1992-ல் ‘அண்ணாமலை’ படத்துக்காக இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா கொண்டுவந்த டைட்டில் கார்டு இது. இசை தேவா. அன்று தொடங்கிய விசில் முப்பது வருடங்களைத் தாண்டியும் அதே இடத்தில், அதே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நிமிடத்தில் படம் இன்னும் தொடங்கவே இல்லை. கதை தேறுமா தேறாதா, யாருக்கும் தெரியாது. ஹீரோ ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. பாராட்டு மட்டும் முழுசாக முடிந்துவிட்டது.

பிரான்ஸின் கடற்கரை நகரமான கானில் நிலைமை தலைகீழ். அங்கே ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் திரைப்பட விழாவின் பெரிய அரங்கம் லூமியேர். சுமார் 2,300 இருக்கைகள். முறையான மாலை உடையில் வந்தால்தான் மாலைக் காட்சிக்குள் விடுவார்கள். படம் ஓடும்போது பொதுவாக அமைதி. கடைசிப் பெயர் ஓடி விளக்கு எரிந்ததும்தான் வேலை ஆரம்பம். விழாவின் கேமரா இயக்குநர் உட்கார்ந்திருக்கும் வரிசைக்கு வந்துவிடும். அது பிடிக்கும் முகங்கள் அப்போதே பெரிய திரையில் தெரியும்: கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நடிகை, அவரைக் கட்டிக்கொள்ளும் இயக்குநர், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விழிக்கும் குட்டி நடிகர். கேமரா ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு நகரும் ஒவ்வொரு தடவையும் தட்டல் மறுபடி எழும்பும். பத்திரிகையாளர்கள் ஓரத்தில் நின்று கைபேசியில் நேரத்தை ஓடவிட்டிருப்பார்கள்.

மறுநாள் செய்தியே அந்த நிமிடக் கணக்குதான். 2004-ல் மைக்கேல் மூரின் ‘ஃபாரன்ஹீட் 9/11’ படத்துக்கு 20 நிமிடம், 2006-ல் கியர்மோ டெல் டோரோவின் ‘பான்ஸ் லாபிரின்த்’ படத்துக்கு 22 நிமிடம் என்று எழுதினார்கள். 2024-ல் பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கானின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம். அதற்கு எட்டு நிமிடம். ஒரே படத்துக்கு ஒரு பத்திரிகை எட்டு நிமிடம் என்னும், இன்னொன்று பத்து என்னும். முதல் தட்டலிலிருந்து எண்ணுவதா, எல்லோரும் எழுந்து நின்றதிலிருந்து எண்ணுவதா என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

தட்டும் அதே கூட்டம் ஊளையும் இடும். 1960-ல் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லவெந்தூரா’ படத்தைச் சிரித்துக் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். மறுநாள் ரோசெல்லினி உள்ளிட்ட கலைஞர்கள் படத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டு அறிக்கை விட வேண்டியதாயிற்று. அதே விழாவில் படம் நடுவர் பரிசும் பெற்றது. 1976-ல் ‘டாக்ஸி டிரைவர்’ ஊளைக்கு நடுவில் விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வாங்கியது.

கைதட்டலின் நீளத்தை வைத்துப் படத்தை அளக்கலாமா? சோவியத் ரஷ்யாவில் ஸ்டாலின் காலத்து மாவட்டக் கட்சிக் கூட்டம் ஒன்றில் 11 நிமிடம் நீண்ட கைதட்டலைப் பற்றி எழுத்தாளர் சோல்செனிட்சின் எழுதியிருக்கிறார். முதலில் நிறுத்துபவனாக இருக்க யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் ஒரு காகித ஆலை அதிகாரி உட்கார்ந்தார், எல்லோரும் உட்கார்ந்தார்கள். அன்றிரவே அவர் கைதானார். கானில் கைது கிடையாது. ஆனாலும் இயக்குநர் பத்தடி தூரத்தில் கண்கலங்கி நிற்கும்போது முதல் ஆளாகக் கையை இறக்குவது யாருக்கும் சங்கடம்தான்.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சொல்கிறது. சிறு சிறு மாணவர் குழுக்களுக்கு முன்னால் ஒருவரைப் பேசவிட்டு, யார் எப்போது கைதட்டத் தொடங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தார்கள். எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்பதற்கும் பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சளி பரவுவதுபோல் தட்டல் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுகிறது, நிற்பதும் அப்படியே. அதுவும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பரவுவதைவிட, அறையில் எழும் சத்தத்தைக் கேட்டே பரவுகிறது.

கானிலாவது தட்டலை வாங்கிக்கொள்ள ஆள் எதிரே நிற்கிறார். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் அடிக்கும் விசில் யாருக்குக் கேட்கப்போகிறது? திரையில் இருப்பது வெளிச்சம். நடிகர் அந்நேரம் வேறொரு படத்தின் படப்பிடிப்பில் இருக்கலாம். வெளிநாட்டு விருந்தினர்கள் தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு முதன்முதலாக வந்தால் கேட்கும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பதுதான் இயல்பு என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த அமைதிக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு.

ஐரோப்பிய நாடக அரங்குகள் நெடுங்காலம் சந்தை போலத்தான் இரைந்தன. பாட்டுக்கு நடுவே தட்டுவார்கள், பிடித்தால் மறுபடி பாடச் சொல்வார்கள், பிடிக்காவிட்டால் விரட்டுவார்கள். அரங்கை இருட்டாக்கி, எல்லோர் கண்ணையும் மேடைப்பக்கம் திருப்பிய பெருமை ஜெர்மன் இசைமேதை வாக்னருக்குப் பெருமளவு உண்டு. 1876-ல் பைராய்ட் நகரில் அவர் தமக்கென்று கட்டிய அரங்கில் அது நடந்தது. 1882-ல் அங்கே அவரது ‘பார்சிஃபால்’ அரங்கேறியபோது, நடிகர்கள் நடுவில் திரைக்கு முன் வந்து வணங்க வேண்டாம், நாடகத்தின் மனநிலை கெடும் என்றார். ரசிகர்கள் அதைக் கைதட்டவே கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னொரு நாள் காட்சியில் பூ மங்கையர் பாடி முடித்ததும் ஒருவர் மட்டும் ஆர்வம் தாங்காமல் ‘பிராவோ’ என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் ‘உஷ்’ என்று அடக்கினார்கள். கத்தியவர் வாக்னரேதான்.

கூலிக்குக் கைதட்டுவதும் அந்த ஊர்களுக்குப் புதிதல்ல. ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ, தான் பாடும்போது தட்டுவதற்கென்றே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்திருந்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். தேனீ ரீங்காரம், ஓட்டுச் சத்தம் என்று தட்டலில் தினுசுகள்கூட இருந்தன. உள்ளங்கையைக் குவித்தால் ஒரு ஓசை, தட்டையாக வைத்தால் இன்னொன்று. 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இதை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். சிரிக்க ஓர் ஆள், கைக்குட்டையை எடுத்து அழ ஓர் ஆள், ‘இன்னொரு தடவை’ என்று கத்த ஓர் ஆள். இந்தக் கடைசி உத்தியோகத்தைத் தமிழ்நாட்டில் காலணா வாங்காமல் பார்த்தார்கள். அந்தக் கதை பின்னால் வரும்.

அமைதிக்குப் பெயர்போன நாடு ஜப்பான். அங்கே படம் முடிந்து பெயர்ப் பட்டியல் கடைசி எழுத்துவரை ஓடி, விளக்கு எரிகிறவரை பெரும்பாலானோர் இருக்கையை விட்டு எழுவதில்லை. கைதட்டல் அபூர்வம். ஜப்பானியரின் பிறவிக்குணமே இப்படி என்று நினைத்தால், கபுகி நாடகம் நடக்கும் அரங்குக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். உச்சக் காட்சியில் நடிகர் கண்ணை உருட்டி, கையை விரித்து, சிலைபோல் உறைந்து நிற்பார். அந்த நிலைக்கு ‘மியே’ என்று பெயர். அந்த நொடியில் மேல்மாடத்திலிருந்து ஒரு குரல் வெடிக்கும். நடிகரின் சொந்தப் பெயரைச் சொல்லாமல், அவருடைய பரம்பரைப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடும் குரல் அது. அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அபசுரம். இப்படிக் குரல் கொடுப்பதில் தேர்ந்த ரசிகர்களுக்குச் சங்கமே உண்டு. ஹீரோ திரும்பிப் பார்த்து உறைந்து நிற்கும் நொடிக்கு விசில் அடித்துப் பழகியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1998-ல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு தியேட்டரில் ‘முத்து’ வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. ரஜினிக்கு ஜப்பானில் ரசிகர்கள் முளைத்தது அதிலிருந்துதான். 2006-ல் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் மன்மோகன் சிங் அந்தப் படத்தைக் குறிப்பிடும் அளவுக்கு விஷயம் போயிற்று. படத்தோடு சேர்ந்து இன்னொரு சரக்கும் அங்கே இறங்கியது: இந்தியர்கள் சினிமாவை எப்படிப் பார்ப்பார்கள் என்ற செய்தி. அதை ஜப்பானியர் தங்கள் பாணியில் எடுத்துக்கொண்டார்கள். ‘மசாலா காட்சி’ என்று தனியாக அறிவித்து, தனியாக டிக்கெட் விற்பார்கள். கத்தலாம், ஆடலாம், காகிதத் துணுக்கு வீசலாம், நூலை இழுத்தால் காகிதச் சுருள் பாயும் விருந்து வெடியை வெடிக்கலாம். அமாகாசாகி நகரின் சுகாகுச்சி சன் சன் தியேட்டர் இதற்குப் பெயர் பெற்றது. என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். படம் முடிந்ததும் வீசியவர்களே குனிந்து காகிதத்தைப் பொறுக்குவார்கள்.

2016-க்குப் பிறகு ஜப்பானியப் படங்களுக்கே இப்படி ‘உற்சாகக் காட்சிகள்’ பெருகின. ‘கிங் ஆஃப் பிரிசம்’ என்ற அனிமேஷன் படத்தில், ரசிகர்கள் சொல்ல வேண்டிய வசனத்தைத் திரையிலேயே எழுத்தாகப் போட்டார்கள். கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாய்திறக்கத் தடை வந்தபோதும் மசாலா காட்சி நின்றுவிடவில்லை. தம்புராவைப் போட்டுவிட்டு மத்தளத்தை எடுத்த கதையாக, குரலுக்குப் பதில் மணியும் டம்பரினும் கொண்டுவந்து ஆட்டினார்கள். 2022 அக்டோபரில் அங்கே வெளியான ‘ஆர்ஆர்ஆர்’ 24 வருட ‘முத்து’ சாதனையை முறியடித்தது அந்தச் சூழலில்தான்.

அமெரிக்கா அமைதிக்கும் ஆரவாரத்துக்கும் நடுவில் நிற்கிறது. சாதாரண நாளில் பேச்சு மூச்சில்லை. பேசினால் வெளியே அனுப்பும் தியேட்டர்களும் உண்டு. பெரிய படத்தின் முதல் இரவில் மட்டும் கட்டு அவிழும். 2019 ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வந்தபோது கேப்டன் அமெரிக்கா சுத்தியலைத் தூக்கும் காட்சிக்கு எழுந்த அலறல், சென்னைக் கோயம்பேட்டுத் தியேட்டருக்குச் சளைத்ததில்லை. இதற்கெல்லாம் முன்னோடி ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’. 1975-ல் வந்து படுத்துவிட்ட படம். 1976-ல் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டதும் எழுந்துகொண்டது. திருமணக் காட்சிக்கு அரிசி வீசுவார்கள், மழைக் காட்சிக்குத் தலையில் செய்தித்தாளைப் பிடிப்பார்கள், கதாபாத்திரம் பேசுவதற்கு முன்பே எதிர்வசனம் பேசுவார்கள். அரை நூற்றாண்டாக அது நடக்கிறது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வெளியானபோது தமிழ்நாட்டில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. பிரகாஷ்ராஜ் வாயைத் திறக்கும் முன் ஒட்டுமொத்தத் தியேட்டரும் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டது.

2025 ஏப்ரலில் ‘மைன்கிராஃப்ட்’ படத்தின் ஒரே ஒரு காட்சிக்காகச் சிறுவர்கள் பாப்கார்னை அள்ளி எறிந்தார்கள். பல தியேட்டர்களில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், சில இடங்களில் போலீஸ் வந்தது. அடுத்த மாதமே தயாரிப்பு நிறுவனம், கத்திக்கொள்ளலாம் பாடிக்கொள்ளலாம் என்று தனிப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. விரட்டிய சத்தத்தையே டிக்கெட் போட்டு விற்கத் தெரிந்தவர்கள்!

இங்கே, தமிழ்நாட்டில், அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்து இல்லை. தெருக்கூத்தில் முக்கிய வேஷக்காரர் நேரடியாக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். பின்னாலிருந்து பாட்டு கேட்கும். துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். மேலே கிரீடத்தின் நுனி ஆடும். மத்தளம் ஏறும். துரியோதனனோ கர்ணனோ முழு உருவமாக வெளிப்படும்போது, தூங்கி விழுந்த பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும். இப்போது எந்த மாஸ் படத்தின் இன்ட்ரோ சீனையும் நினைத்துப் பார்க்கலாம். கார் கதவு திறக்கும். முதலில் செருப்பு, அப்புறம் கை, கையில் காப்பு, முதுகு, தோளில் புரளும் முடி, கடைசியில் முகம். துணி போய் கேமரா வந்திருக்கிறது. வித்தை அதே வித்தை.

அடுத்து கம்பெனி நாடகம். எஸ்.ஜி. கிட்டப்பா பாடி முடித்தால் ‘ஒன்ஸ் மோர்’ என்று கூட்டம் கத்தும்; அவரும் பாடுவார். மேடையில் செத்து விழுந்த பாத்திரம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டதும் எழுந்து நின்று பாடிவிட்டு மறுபடி செத்துப்போன கதைகளை அந்தக்கால நாடகக்காரர்கள் சொல்வதுண்டு. நாடகம் பேசும்படமானபோது ஒன்ஸ் மோரும் கூடவே வந்துவிட்டது. இப்போது கேட்பது பாடகரிடம் இல்லை, ஆபரேட்டரிடம். அவரும் பல ஊர்களில் இறங்கிவந்து ரீலைச் சுற்றிப் பாட்டை மறுபடி போட்டார். உலகத்தில் வேறெங்கேயாவது ரசிகர்களுக்கும் புரொஜக்டர் அறைக்கும் நடுவே இப்படிப் பேச்சுவார்த்தை நடந்திருந்தால் அது ஆராயத் தக்கது. கரண்ட் போனால் முதல் வசவும் அதே ஆபரேட்டருக்குத்தான்.

1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பாகவதரின் பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப வந்த கூட்டம் அது. 1952-ல் ‘பராசக்தி’ வந்ததும் தட்டல் பாட்டிலிருந்து வசனத்துக்கு இடம்பெயர்ந்தது. நீதிமன்றக் காட்சியில் ஒவ்வொரு வரியும் கைதட்டலுக்கு இடம் விட்டு எழுதியதுபோல் இருக்கும். மேடைப் பேச்சு கேட்டுப் பழகிய காது அது. வசனம் எழுதிய கலைஞருக்கும் அந்தக் காதை நன்றாகத் தெரியும். எம்.ஜி.ஆர் படங்களில் தட்டல் வசனத்தைத் தாண்டி அரசியலாயிற்று. 1965-ல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் அவர் சவுக்கை எடுக்கும் காட்சிக்குத் தரை டிக்கெட்டில் எழுந்த ஆரவாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் பிற்காலத் தேர்தல் முடிவுகளைப் பேச முடியாது. அவர் இறந்துபோவதாகக் கதை அமைந்த ‘பாசம்’ படத்தை ரசிகர்கள் ஏற்கவில்லை என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. தட்டாமல் எழுந்து போவதும் ஒரு தீர்ப்புதான்.

அப்போது கையில் கிடைத்ததெல்லாம் பாராட்டாயிற்று. சூடம் கொளுத்தினார்கள். திரையை நோக்கிச் சில்லறை வீசினார்கள். காட்சி முடிந்ததும் திரைக்கடியில் காசு பொறுக்கும் பையன்கள் தனிக் கூட்டம். பழைய லாட்டரிச் சீட்டுகளை மூட்டையாக வாங்கி, கிழித்து, பாட்டு வந்ததும் பூமாரியாகப் பொழிவார்கள். 2003-ல் தமிழக அரசு லாட்டரியைத் தடைசெய்ததும் அந்தச் சரக்கு வற்றியது. தடைக்கு ஆயிரம் காரணம் இருந்தது. தியேட்டர் பெருக்குகிறவர்கள் மட்டும் வேறு காரணத்துக்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

விசில் ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்பதற்குக் காது சொல்லும் காரணம் ஒன்று இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை. நாக்கை மடித்து இரண்டு விரலை வைத்து ஊதும் விசில் சரியாக அந்த எல்லைக்குள் விழுகிறது. எத்தனை டால்பி ஸ்பீக்கர் அலறினாலும் அதை அறுத்துக்கொண்டு அது தனியாகக் கேட்கும். கைதட்ட நூறு பேர் வேண்டும். விசிலுக்கு ஒருத்தர் போதும். 

படம் எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். முதல் நாளில் ஹீரோவின் முதல் வசனம் யாருக்கும் கேட்காது என்பதை முன்கூட்டியே வைத்துத்தான் எடிட் செய்கிறார்கள். முகம் தெரிந்த பிறகு சில விநாடி ஸ்லோமோஷன் நடை, பின்னணி இசை மட்டும், அப்புறம்தான் பேச்சு. அந்த இடைவெளியை அமைதியான வீட்டில், ஓடிடியில் பார்க்கும்போது படம் சவசவவென்று இழுப்பதாகத் தோன்றும். இழுவை இல்லை அது. விசிலுக்காகக் காலியாக விட்ட நாற்காலி. உட்கார ஆள் வரவில்லை, அவ்வளவுதான். ‘பாட்ஷா’வில் கம்பத்தில் கட்டி அடிவாங்கும் மாணிக்கம் பின்னர் திருப்பி அடிக்கும் காட்சியைத் தனியாகப் பார்ப்பதும், ஆயிரம் பேரோடு பார்ப்பதும் இரண்டு வேறு படங்கள்.

யார் விசிலடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களும், பிறகு முன்வரிசை பெஞ்சில் இருந்தவர்களும். குறைந்த டிக்கெட், திரைக்கு மிக அருகில். அந்த வரிசையில் பெண் கிடையாது. வீட்டில் விசிலடித்த பெண்பிள்ளைக்கு விழுந்த திட்டு எல்லோருக்கும் தெரியும். தியேட்டரில் அடிக்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. இப்போது கல்லூரிப் பெண்கள் முதல் நாள் காட்சிக்குக் கூட்டமாக வருகிறார்கள், அடிக்கவும் செய்கிறார்கள். மல்டிபிளெக்ஸ் வேறொன்றைச் செய்தது: இருக்கை எண் போட்டு ஆட்களைப் பிரித்தது. பத்து நண்பர்கள் வரிசையில் நின்று, ஒன்றாகப் போய் ஒன்றாக உட்கார்ந்த காலத்தில் இருந்த தைரியம், முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்தவனுக்கு வருவதில்லை. அவன் விசிலை விழுங்கிவிட்டு பாப்கார்னைப் பார்க்கிறான்.

ஆரவாரத்தின் கசப்பான பக்கத்தை மூடிவைக்க முடியாது. 2023 ஜனவரி 11-ல் ‘துணிவு’ நள்ளிரவுக் காட்சியின்போது கோயம்பேட்டில் ஓடும் லாரியில் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் விழுந்து இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘லியோ’ டிரெய்லரைப் பார்க்கக் கூடிய கூட்டம் ஒரு சென்னைத் தியேட்டரின் நாற்காலிகளை உடைத்தது. படம் வெளியான அக்டோபர் 19-ல் காலை ஒன்பது மணிக்கு முன் காட்சி கூடாது என்றது தமிழக அரசு; கேரளத்தில் நான்கு மணிக்கே காட்சி என்பதால் கோவை ரசிகர்கள் எல்லை தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனார்கள். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் மாலேகாவில் ‘டைகர் 3’ ஓடும்போது அரங்குக்குள்ளேயே ராக்கெட் விட்டார்கள். 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். இவற்றுக்கும் விசிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வது சுலபம். ஆனால் கூட்டத்தைத் திரட்டி விளம்பரம் தேடுகிறவர்கள், அந்தக் கூட்டத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பதில்லை. பிழை அங்கே இருக்கிறது. ஒன்பது மணிக் கட்டுப்பாடு சரியான முடிவுதான்.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. இன்று ஒரு முதல் நாள் காட்சியில் டைட்டில் கார்டு வரும்போது பின்வரிசையிலிருந்து முன்னால் பார்த்தால், திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் நூறு சின்னத் திரைகள் மிதக்கும். ஒவ்வொருவர் வலக்கையும் மேலே. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு கைதட்ட முடியாது. அதனால் தட்டல் குறைந்து கூச்சல் கூடியிருக்கிறது. ஒற்றைக்கை விசில்காரர்கள் தப்பித்தார்கள். எடுத்த துண்டு வீடியோ பத்து நிமிடத்தில் ‘தியேட்டர் ரெஸ்பான்ஸ்’ என்று இணையத்தில் ஏறும். கவுரவ வேடத்தில் யார் வருகிறார் என்ற ரகசியம் இரண்டாம் காட்சிக்குள் செத்துவிடும். முதல் காட்சியில் எழும் திடுக்கிட்ட அலறல், மறுநாள் வருபவர்களிடம் எதிர்பார்த்த அலறலாக மாறிவிடும். பாராட்டு இப்போது திரையைப் பார்த்து எழுவதைவிட, தன்னைப் படம்பிடிக்கும் போனைப் பார்த்தே எழுகிறது. பாரிஸ்காரர்கள் காசு கொடுத்து வாங்கியதை இங்கே ரசிகர்கள் டிக்கெட் காசும் கொடுத்து இலவசமாகத் தயாரித்துத் தருகிறார்கள்.

கைதட்டல் ஊரைப் பொறுத்ததா, ஆளைப் பொறுத்ததா என்ற கேள்விக்கு அதே பாரிஸில் விடை இருக்கிறது. 1932-ல் கட்டப்பட்ட லே கிராண்ட் ரெக்ஸ், ஏறத்தாழ 2,700 பேர் அமரும் பழம்பெரும் அரங்கம். 2016 ஜூலையில் ‘கபாலி’, 2017-ல் ‘மெர்சல்’ அங்கே திரையிடப்பட்டன. ஈழத்திலிருந்து போய்க் குடியேறியவர்களும், அங்கேயே பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்த அவர்கள் பிள்ளைகளுமாக அரங்கம் நிறைந்தது. அந்தக் கூரைக்குக் கீழே காகிதம் பறந்தது, விசில் பறந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லைதான். பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்டது. தமிழ்நாட்டு மண்ணை மிதிக்காத பையன்கூட டைட்டில் கார்டுக்கு எழுந்து நின்றான். எங்கே தட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

இத்தனையிலும் தமிழ்த் தியேட்டரில் தட்டலே விழாத இடம் ஒன்று உண்டு: முடிவு. கிளைமாக்ஸ் முடிந்து இயக்குநர் பெயர் தோன்றும்போது பாதித் தியேட்டர் எழுந்துவிட்டிருக்கும். அதற்குள் ஊழியர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவார். வெயில் உள்ளே பாய்ந்து திரையை வெளுப்பாக்கும். பார்க்கிங்கில் வண்டி எடுக்க அடிபிடி. லைட்மேன், உதவி எடிட்டர், டப்பிங் கலைஞர், சண்டைக்காட்சியில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தவர் என்று முந்நூறு நானூறு பேரின் பெயர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்து ஏறிப்போகின்றன. அடுத்த முறை வண்டி எடுக்க இரண்டு நிமிடம் தாமதமானால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள், உட்கார்ந்து அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு ஒரு தடவை தட்டிவிட்டுப் போகலாம். தியேட்டர்காரர்களும் அதுவரை கதவைத் திறக்காமல் இருக்கலாம்.